இசை விழாவுக்குக் கூடாரத்தோடு போகலாமா? டீச்சர் பதில்கள்

திறந்தவெளி இசை விழாக்களில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றிய சந்தேகங்களை எழுதச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். சேலம், ஆத்தூர், மேட்டூர்ப் பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

நான் சேலத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்தவள். சாரணியர் படையைச் சேர்வராயன் மலைக்கு முகாம் அழைத்துப் போவது என் பொறுப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, தங்கை மகள் பாட்டு விழா என்று கிளம்பியபோது நானும் கூடப் போக ஆரம்பித்தேன். பார்த்தவரையில், ராத்திரி நன்றாகத் தூங்கியவர்கள்தான் கடைசி நாளும் மேடை முன்னால் நிற்கிறார்கள். மற்றவர்கள் முதல் மழைக்கே ஊருக்கு வண்டி தேடுகிறார்கள். அதனால் என் பதில்கள் பெரும்பாலும் ராத்திரியைப் பற்றியே இருக்கும்.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்: டீச்சர், நாங்கள் நாலு பேர் அருணாச்சலப் பிரதேசத்தில் நடக்கிற ஸிரோ இசை விழாவுக்குப் போகிறோம். ஒருவர்கூட கூடாரத்தில் படுத்ததில்லை. என்னென்ன வாங்க வேண்டும்?

வாங்குவதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் ஏற்காட்டில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வாருங்கள்.

காரணம் இருக்கிறது. ஸிரோ பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே. ஏற்காடும் ஏறக்குறைய அதே உயரம்தான். நம் சேலம் 280 மீட்டர்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. அப்படியானால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் எட்டு டிகிரி போய்விடுகிறது. அம்மாபேட்டையில் மின்விசிறி போட்டுப் படுக்கிற உடம்புக்கு அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்பதை 30 கிலோமீட்டரில் தெரிந்துகொள்ளலாம். அதைத் தெரிந்துகொள்ள மூவாயிரம் கிலோமீட்டர் போக வேண்டாம். கூடாரம் போட இடம் தருகிற காப்பித் தோட்டமாகப் பார்த்து, அனுமதி வாங்கி, காசு கொடுத்துப் படுங்கள். மழை பெய்கிற வாரமாக இருந்தால் இன்னும் நல்லது.

மலை ஏறுவதற்கு முன்னால் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் இருட்டிய பிறகு, டார்ச் வெளிச்சத்தில் கூடாரத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கம்பி எந்த ஓட்டையில் நுழைகிறது, மேல்துணியின் முன்பக்கம் எது என்பதெல்லாம் கைக்குப் பழகட்டும். கொட்டுகிற மழையில் செய்முறைத் தாளைப் பிரித்துப் படிக்க முடியாது.

இனி வாங்குவது. கடையில் "இரண்டு பேர் கூடாரம்" என்று தருவதில் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். பைக்கு இடம் இருக்காது. நீங்கள் நாலு பேர் என்பதால் மூன்று பேர் கூடாரமாக இரண்டு எடுங்கள். மேல்துணி தரைவரை இறங்கி வர வேண்டும். தலையில் மட்டும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பதை வாங்காதீர்கள், சாரல் அடித்தால் உள்ளே ஈரம்தான். மேல்துணிக்கு 2,000 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தத் துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் ஒழுகாது என்பது அதன் பொருள். நாம் படுக்கிற தரைத்துணி நம் எடையில் அழுந்துகிறது, அதனால் அதற்கு 3,000 இருந்தால் நிம்மதி.

கூடாரத்துக்கு அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். ஆனால் கூடாரத்தின் அடிப்பரப்பைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் குறைவாக வெட்டச் சொல்லுங்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து அகலமாக விரிப்பவர்கள்தான் அதிகம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தார்ப்பாய் மேல்துணியிலிருந்து வடிகிற தண்ணீரையெல்லாம் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து தேக்கிவிடும்.

குளிருக்குப் போர்வையை மேலே மேலே அடுக்குகிறார்கள். உடம்புச் சூட்டைத் திருடுவது தரை. படுக்கைக்கு அடியில் ஃபோம் பாய் கட்டாயம். யோகாவுக்கு வாங்கிய பாயை இரண்டாக மடித்தாவது போடுங்கள். பவானி ஜமக்காளம் நம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் முகாமுக்கு எடுத்துப் போகாதீர்கள். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டால் காயவே காயாது, கல் மாதிரி கனக்கும். அதே காரணத்துக்காக ஜீன்ஸும் வேண்டாம். சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் பேன்ட், ஒரு கம்பளிச் சட்டை, தூங்குவதற்கு மட்டும் என்று தனியாக ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். அந்த சாக்ஸைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள், பகலில் எது வந்தாலும் அதைத் தொடாதீர்கள். உறைபோலப் படுக்கிற ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்ப அளவு போட்டிருப்பார்கள். அதில் 'கம்ஃபர்ட்' என்று இருப்பதைத்தான் நம்ப வேண்டும். 'லிமிட்' என்பது உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ பொழுதைத் தள்ளுகிற அளவு. பத்து டிகிரி கம்ஃபர்ட் உங்களுக்குப் போதும்.

பயணம் பற்றிக் கொஞ்சம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் சேலம் சந்திப்பு வழியாகத்தான் குவஹாத்தி போகிறது. அங்கிருந்து நாகர்லகுனுக்கு ராத்திரி ரயில், பிறகு பங்கு வண்டியில் மலைப்பாதை. அருணாச்சலத்துக்குள் நுழைய நம் நாட்டுக்காரர்களுக்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்து ஆளுக்கு இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, விழா நடக்கிற செப்டம்பர் கடைசியில் அங்கே மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். சேலத்துக் கணக்கில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால் இருட்டில்தான் கூடாரம் அடிக்க வேண்டும். மூன்று மணிக்குள் இடம் பிடித்துவிடுங்கள்.

ஸிரோ விழாவை 2012-ல் தொடங்கியவர்கள் பாபி ஹனோ, அனூப் குட்டி என்ற இருவர். மேடைகளை உள்ளூர் மக்கள் மூங்கிலில் கட்டுகிறார்கள். சுற்றிலும் அபதானி மக்களின் நெல்வயல், அந்த வயலிலேயே மீனும் வளர்க்கிறார்கள். வரப்பைக் குறுக்குவழியாக்கி மிதித்து நடக்காதீர்கள். நம் வயலில் வெளியூர்க்காரன் நடந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஓமலூர்: மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? எந்த இடத்தில் கூடாரம் போட்டால் நல்லது?

1969-ல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக்கிலிருந்து, பெரிய விழா என்றாலே சேறு கூடவே வருகிறது. நான்கு லட்சம் பேர் கூடிய அந்தப் பண்ணை நிலம் மழையில் உழுத வயலாகிப்போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் ஃபியூஜி ராக் 1997-ல் முதல் ஆண்டிலேயே புயலில் மாட்டி, இரண்டாம் நாள் நிகழ்ச்சியையே ரத்து செய்தார்கள். அதனால் மழை வருமா என்று கேட்காதீர்கள், வரும் என்றே கிளம்புங்கள்.

இடம் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. மைதானத்துக்குள் போனதும் பையை இறக்காமல் ஒரு சுற்று நடங்கள். புல் மட்டும் மற்ற இடத்தைவிடப் பச்சையாக, அடர்த்தியாக இருந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. காய்ந்த சருகும் குப்பையும் கோடு போட்ட மாதிரி ஒதுங்கியிருந்தால் அது தண்ணீர் ஓடிய தடம். இரண்டையும் விடுங்கள். கொஞ்சம் மேடான இடம் வேண்டும், ஆனால் உச்சி வேண்டாம், காற்று பிய்த்துவிடும். சரிவாகத்தான் கிடைத்தது என்றால் தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி படுங்கள். கழிப்பறைக்குப் போகிற வழியில் போட்டால் ராத்திரி முழுக்க யாராவது உங்கள் கயிற்றில் தடுக்கி விழுவார்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சத்தத்தைவிட அதன் புகை மோசம்.

மரத்தடி நிழல் பகலில் கண்ணை இழுக்கும். ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் மரத்தின் கிளை காற்றுக்குச் சுலபமாக முறியும். எங்கள் பிள்ளைகளை அந்த மரத்துக்கடியில் நான் படுக்கவிட்டதே இல்லை. இடி மின்னலுக்குக் கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடி கேட்டால் கட்டடத்துக்கோ, மூடிய காருக்கோ, பேருந்துக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை வெளியே வர வேண்டாம்.

முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும், செங்குத்தாக அடித்தால் சேற்றில் வழுக்கி வந்துவிடும். கூடப் பத்து முளை வாங்கி வையுங்கள். கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். மேல்துணியும் உள்துணியும் ஒட்டிக்கொண்டால் ஒட்டிய இடத்தில் ஈரம் கசியும். மழைக்குப் பயந்து காற்று வழியை எல்லாம் மூடிவிடுகிறார்கள். அப்போது நம் மூச்சுக் காற்றே உள்ளே படிந்து சொட்டும், காலையில் "கூடாரம் ஒழுகுது" என்பார்கள். மேலே இருக்கிற சின்ன ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

காலுக்கு கம்பூட். குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது. தொப்பியுள்ள மழைக்கோட்டு போதும்.

ஆத்தூர், ஒரு தாய்: என் மகள் தோழிகளோடு ஷில்லாங் பக்கம் நடக்கிற விழாவுக்குப் போக வேண்டும் என்கிறாள். ஆண்களும் பெண்களுமாகக் கிடக்கிற மைதானத்தில் வயசுப் பெண்ணை எப்படி அம்மா ராத்திரி தங்க விடுவது?

உங்கள் கவலை நியாயமானது. அதைக் கிழவி கவலை என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டவெளியில் ராத் தங்குவது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லையே. தைப்பூசம் முடிந்ததும் எடப்பாடியிலிருந்து காவடிக் கூட்டம் பழநிக்கு நடந்து போகிறது. பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் எல்லாம் போகிறார்கள், மலைமேலேயே ஒரு ராத்திரி தங்கிப் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். அது நல்லபடியாக நடப்பதற்கு ஏற்பாடுதான் காரணம். யார் யாரோடு, எங்கே, எத்தனை மணிக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உங்கள் மகளுக்கும் அதுதான் வேண்டும்.

நாலு பெண்கள் என்றால் இரண்டு கூடாரத்தையும் வாசல் எதிரெதிராக இருக்கும்படி போடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சின்ன முற்றம் கிடைக்கும், ஒருத்தி கூப்பிட்டால் இன்னொருத்திக்குக் கேட்கும். விளக்கு எரிகிற பாதையிலிருந்து நாலைந்து கூடாரம் தள்ளி, குடும்பத்தோடு வந்தவர்கள் பக்கத்தில் போடட்டும். பெண்களுக்குத் தனிப்பகுதி இருக்கிறதா என்று சீட்டு வாங்கும்போதே விழாக்காரர்களிடம் கேளுங்கள். போனதும் அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்களிடம் பெயர் சொல்லிப் பேசிவிட வேண்டும். ராத்திரியில் கழிப்பறைக்குத் தனியாக யாரும் போகக் கூடாது, எழுப்பினால் அலுத்துக்கொள்ளவும் கூடாது. நான் முகாமில் வைத்திருந்த முதல் சட்டம் இது.

கூடாரத்தின் ஜிப்பில் பூட்டுப் போடுகிறார்கள். மெல்லிய துணி அது, பிளேடால் கிழித்தால் போயிற்று. உள்ளே ஏதோ இருக்கிறது என்று பூட்டு ஊருக்கே சொல்லும். போனும் பணமும் அடையாள அட்டையும் பகலில் இடுப்புப் பையில், ராத்திரி ஸ்லீப்பிங் பேக்கின் கால் பக்கத்தில்.

முன்பின் தெரியாதவர் கொடுக்கிற, மூடி திறந்த எதையும் குடிக்கக் கூடாது. தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து குடிக்கவும் கூடாது. அவசரத்துக்கு 112, நாடு முழுக்க அதே எண். கூட்டத்தில் போன் எடுக்காது, அதனால் உங்கள் எண்ணையும் தோழிகளின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி உள்சட்டைப் பையில் வைக்கட்டும். பிரிந்துவிட்டால் சேர்கிற இடம் ஒன்றை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். மேடையைச் சொல்லக் கூடாது, எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். முதலுதவிக் கூடாரத்தின் வாசல் நல்ல இடம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் தாயி. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணி எடுக்கவில்லையே என்று பதறாதீர்கள். காலை எட்டு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி, மாலை நாலு மணிக்கு ஒன்று என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஏதாவது தப்பாகிப் போனால் "அம்மா திட்டுவாள்" என்ற பயமில்லாமல் உங்களைக் கூப்பிட அவளுக்கு முடிய வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் அதை வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

கொண்டலாம்பட்டி, வாசகி: வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். கழிப்பறை எப்படி இருக்கும்? குளிப்பது எப்படி?

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை கண்ணு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள்தான் அங்கே அவதிப்படுகிறார்கள்.

தற்காலிகக் கழிப்பறைகள் வரிசையாக வைத்திருப்பார்கள். காலை ஐந்தரைக்குப் போனால் சுத்தமாக இருக்கும், வரிசை இருக்காது. ஒன்பது மணிக்குப் போனால் இரண்டுமே மாறியிருக்கும். தண்ணீர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் சின்ன ஓட்டை போட்டு எடுத்துப் போங்கள், கையோடு ஒரு சோப்புத் துண்டும். கையில் தடவுகிற சானிடைசர் சேற்றுக் கையில் வேலை செய்யாது, வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற சில கிருமிகளுக்கு அது போதவும் போதாது. சாப்பிடுவதற்கு முன்னால் சோப்பும் தண்ணீரும்தான்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கம் நம் பெண்களுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இருக்கிறது. முகாமில் மூன்றாம் நாள் நீர்க்கடுப்போடு முகம் சுண்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெயிலில் நின்று ஆடிக்கொண்டு தண்ணீரையும் நிறுத்தினால் மயக்கமும் வரும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடியுங்கள். வரிசையில் நின்றால் நின்றுவிட்டுப் போகிறது.

பயணத்தில் மாதவிலக்கு நாள் முன்னே பின்னே தள்ளும். தேதி இல்லை என்று எண்ணி வெறுங்கையோடு போகாதீர்கள். பயன்படுத்திய நாப்கினைச் சுற்றி வைக்க வெளியே தெரியாத கறுப்புப் பைகள் சில எடுத்துக்கொள்ளுங்கள், குழிக்குள் போடாதீர்கள். நாப்கினுக்குப் பதிலாக மாதவிலக்குக் கப் பயன்படுத்துகிறவர் என்றால் கழுவுவதற்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தனியாக வேண்டும்.

குளிப்பதற்குச் சில முகாம்களில் வாளித் தண்ணீர் கிடைக்கும், சில இடத்தில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, கால் விரலிடுக்கு துடைத்து, நன்றாக உலரவிட்டு உள்ளாடை மாற்றினால் போதும். கால் விரலிடுக்கை மறக்காதீர்கள். நாள் முழுக்க கம்பூட்டுக்குள் ஊறிய கால் வெடித்துப் புண்ணாகும்.

மேட்டூர்: சமைக்க சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போகலாமா? என்ன சாப்பாடு கெடாது?

கேஸ் உருளை ரயிலிலும் விமானத்திலும் தடை. பல விழாக்கள் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடும். கொண்டுபோக முடிந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்போ, கரியோ, கொசுவர்த்தியோ வேண்டவே வேண்டாம். தீப்பிடிப்பது ஒருபுறம் இருக்க, அடுப்பிலும் கரியிலுமிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அணைந்துவிட்டது என்று நினைத்த கரியை உள்ளே கொண்டுபோய் வைத்தவர்கள் எழுந்திருக்காத செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன.

முதல் நாளுக்குப் புளியோதரை. பிறகு சத்துமாவு, அவல், வேர்க்கடலை, பொரிவிளங்காய் உருண்டை, கடலை மிட்டாய். நம் ஊர்த் தட்டுவடை நொறுங்காமல் இருக்க எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து, ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை தம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் குடிப்பது ஆபத்து. மற்ற நேரத்துக்கு அங்கே விற்கிற சூடான சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடுங்கள், உள்ளூர்க்காரருக்கும் நாலு காசு கிடைக்கும்.

அன்னதானப்பட்டி: போன் சார்ஜ்?

20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று. விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. வெளிச்சத்துக்குப் போனை நம்பாமல் தலையில் மாட்டுகிற விளக்கு வாங்குங்கள், கூடாரம் அடிக்க இரண்டு கையும் வேண்டும்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: டீச்சர், நீங்கள் மலைக்குப் போய்ப் பழகுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். ஏற்கெனவே சனி ஞாயிறு வந்தால் பாட்டில் உடைப்பும் ஸ்பீக்கர் சத்தமுமாக இருக்கிறது. இன்னும் ஆட்களை ஏன் அனுப்புகிறீர்கள்?

உங்கள் கோபம் சரியானது, ஐயா. நான் அனுப்புகிறவர்கள் அப்படி இருக்கக் கூடாது என்பதால் இங்கேயே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

ஏற்காட்டில் பழகுவது தூங்குவதற்கும் கூடாரம் அடிப்பதற்கும் மட்டும். ஸ்பீக்கர் கொண்டுபோகாதீர்கள். காட்டெருமை அங்கே தோட்டத்துக்குள் வந்து மேய்கிற மிருகம், சத்தமும் வெளிச்சமும் பட்டு மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிரில் பார்த்தால் படம் எடுக்கக் கிட்டே போகாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் கூடாரம் போடுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இறந்ததை நம்மால் மறக்க முடியுமா? கோடையில் சேர்வராயன் மலைப் புல்லும் அப்படித்தான் காய்ந்து கிடக்கும். நெருப்பு மூட்டவே வேண்டாம்.

சாப்பாட்டைக் கூடாரத்தில் திறந்து வைக்காதீர்கள், குரங்கு துணியைக் கிழித்துவிடும். கழற்றி வைத்த செருப்பை, கம்பூட்டை உதறாமல் காலில் போடாதீர்கள், தேள் இருக்கும். ஜிப்பை ஒரு விரல்கடை இடைவெளிகூட இல்லாமல் மூடுங்கள். கொண்டுபோன ஒவ்வொரு உறையையும் திரும்பச் சேலத்துக்கே கொண்டுவாருங்கள். மலைமேல் இருக்கிற தொட்டியில் போட்டால்கூட அந்தக் குப்பையை யாரோ ஒருவர்தான் லாரியில் கீழே இறக்க வேண்டியிருக்கிறது.

சூரமங்கலம்: ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடினால் எப்படித் தூங்குவது? காது கெட்டுப்போகுமா?

கெடும், கவனிக்காவிட்டால். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படியே போனால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு வைத்த உச்சவரம்பும் சராசரி 100 டெசிபல்தான். பெரிய ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால் நிற்பவர் காதில் அதைவிட அதிகமாகவே விழலாம். உள்காதில் ஒலியை உணர்கிற நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது.

ஃபோம் காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும். விரலால் மெல்லிய திரியாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே நுழைத்து, விரிகிறவரை அழுத்திப் பிடியுங்கள். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை. ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, ஒலிக்கலவை செய்பவர்கள் உட்கார்ந்திருக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் தங்கள் காதுக்குச் சரியாக இருக்கும்படி அமைப்பதால் பாட்டும் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். தூங்கும்போதும் அதே அடைப்பான், கண்ணுக்கு ஒரு துணி. பிற்பகலில் ஒரு மணி நேரம் படுங்கள். எல்லாக் குழுவையும் கேட்டே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். குழந்தையைக் கூட்டிப் போனால் அதற்குத் தலையில் மாட்டுகிற காதுக் கவசம் கட்டாயம், பஞ்சு போதாது.

தாரமங்கலம்: எனக்குப் பிடித்த பாடகர் வருகிறார். முன்வரிசையில் நிற்க வேண்டும்.

நில்லுங்கள், சீக்கிரமே போய். ஆனால் ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்தாறு பேர் என்று நெருக்கம் வந்துவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். நம் கால் நம் பேச்சைக் கேட்காது. 2000-ல் டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் ஒன்பது பேர் மேடை முன்னால் நசுங்கி இறந்தார்கள், 2021-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த விழாவில் பத்துப் பேர். நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி தோன்றிய உடனே வெளியேற வேண்டும். இரண்டு முழங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள். அலைக்கு எதிராகத் தள்ளாதீர்கள். அது தணிகிற நேரம் பார்த்துப் பக்கவாட்டில், கூட்டத்தின் ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த செருப்பையோ போனையோ எடுக்கக் குனியக் கூடாது. பக்கத்தில் யாராவது விழுந்தால் சத்தம் போட்டுத் தூக்கிவிடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ்: மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். கிளாஸ்டன்பரி விழாவுக்குப் போகப் போகிறானாம். அங்கே எல்லாம் எப்படி?

பில்டன் என்ற ஊரில் மைக்கேல் ஈவிஸ் என்ற பால்பண்ணைக்காரர் 1970-ல் தன் நிலத்தில் தொடங்கியது. முதல் ஆண்டு நுழைவுச்சீட்டு ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். இப்போது சுமார் இரண்டு லட்சம் பேர் கூடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடுத்துத் தரிசு விடுகிறார்கள், 2026 அப்படிப்பட்ட ஆண்டு. மகனிடம் தேதியை உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கண்ணாடிப் பாட்டில் உள்ளே விட மாட்டார்கள். 2019-லிருந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பதும் இல்லை, குழாயில் பிடித்துக்கொள்ளலாம். எவர்சில்வர் பாட்டில் ஒன்று எடுத்துப் போகட்டும். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிக் கூடாரம் இருக்கும், வாசலில் ஒரு பழைய பளிச்சென்ற சேலைத் துண்டைக் கட்டி வைத்தால் இருட்டில் தேட வேண்டியதில்லை. ஜூன் மாதம் கோடை என்றாலும் அந்த ஊர்க் கோடைக்கும் ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும்.

பிரிட்டனில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் கூடாரங்களை இசை விழா மைதானங்களிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அங்குள்ள விழா அமைப்பாளர்களின் சங்கம் 2019-ல் மதிப்பிட்டது. ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் மிகப் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகிறது. உங்கள் மகன் தன் கூடாரத்தை முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி: போன மாதம் மழையில் மடித்துக் கொண்டுவந்த கூடாரம் இப்போது திறந்தால் ஒரே நாற்றம். கறுப்புக் கறுப்பாகப் புள்ளியும் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம். பூஞ்சை பிடித்திருக்கிறது. வெளியில் விரித்து, மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த தூரிகையால் முதலில் தட்டிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குளியல் சோப்பு கரைத்து, மெல்லிய பஞ்சால் தேயுங்கள். துவைக்கிற இயந்திரம், பிளீச்சிங், துணி சோப்புத்தூள் எதுவும் கூடாது, நீர் புகாத பூச்சு உரிந்துவிடும். நன்றாக அலசி மொட்டை மாடியில் நிழலில் கொடி கட்டிக் காயவிடுங்கள். சேலத்து வெயிலில் நேராகப் போட்டால் நைலான் நைந்துபோகும். மடிப்பு ஓரமும் ஜிப்பின் உள்பக்கமும் காய இரண்டு நாளாகும். கறுப்புப் புள்ளி முழுக்கப் போகாது, அதனால் ஒழுகாது. நாற்றம் போய்விடும். உட்புறப் பூச்சு பிசுபிசுவென்று ஒட்டினாலோ செதிலாக உதிர்ந்தாலோ மட்டும்தான் அந்தத் துணியின் ஆயுள் முடிந்தது. அப்போதும் கம்பியையும் முளையையும் கயிற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கூடாரத்துக்கு உதவும்.